படிக்கட்டில் இட்ட கோடு

திருச்சுழியைப் பற்றி இரண்டு செய்திகள் பலருக்கும் தெரிந்திருக்கும். சுந்தரர் பதிகம் பெற்ற பாண்டிநாட்டுத் தலம் அது. தேவாரத்தில் அதன் பெயர் திருச்சுழியல். அடுத்தது, ரமண மகரிஷி பிறந்த ஊர். இவ்விரண்டையும் விடச் சிறிய மூன்றாவது செய்தி ஒன்று உண்டு. கோயில் முன்னுள்ள தீர்த்தக்குளத்தில் மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாட்களும் நீர் சிறிது சிறிதாக ஏறும், பிறகு அதே போல இறங்கும் என்றும், தாமும் மற்றச் சிறுவர்களும் படிக்கட்டில் அடையாளம் இட்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்ததுண்டு என்றும் ரமணர் பின்னாளில் ஆசிரமத்தில் நினைவுகூர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பக்தர்கள் இதைத் தீர்த்தத்தின் மகிமையாகப் படிப்பார்கள். எனக்கு அந்தச் சிறுவர்கள்தான் முக்கியம். கண்ணுக்குப் புலப்படாத வேகத்தில் அசையும் ஒன்றை, அதைத் தொடாமல், படிகளை எண்ணி அளந்திருக்கிறார்கள்.

ஊழி வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் துளையிட்டுச் சுழித்து நிலத்துக்குள் இறக்கிய இடம் என்று தலபுராணம் சொல்கிறது. சுவாமிக்குப் பூமிநாதர் என்ற பெயரும் உண்டு. குண்டாறு ஆண்டில் பெரும்பாலான மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஊரில், மிகுந்துபோன தண்ணீரை வடித்த கதை புராணமாக இருப்பது வேடிக்கைதான். அது கிடக்கட்டும்.

வேங்கடராமன் என்ற அந்தச் சிறுவன் பிறந்தது 1879 டிசம்பர் 30. அவனுக்கு ஒன்றேகால் வயதானபோது, 1881 ஏப்ரலில், ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானாய்வகத்தில் ஆல்பர்ட் மைக்கல்சன் என்ற இருபத்தெட்டு வயது அமெரிக்கக் கடற்படை அதிகாரி வேறொரு வகைப் படிகளை எண்ண முயன்றுகொண்டிருந்தார். ஒளியே அங்கே படிக்கட்டு.

அவரது கருவியின் அமைப்பு மிக எளியது. ஓர் ஒளிக்கற்றை, பாதி வெள்ளி பூசிய கண்ணாடியில் பட்டு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி நேரே செல்கிறது, மறு பாதி செங்குத்தாகத் திரும்புகிறது. இரண்டும் தத்தம் பாதையின் கடைசியில் உள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, மறுபடி ஒன்றுசேர்கின்றன. அலையின் மேடும் மேடும் சேர்ந்தால் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்தால் இருள். எனவே பார்வைக்குழாயில் வெளிச்சமும் இருளும் மாறி மாறிப் பட்டைகளாகத் தெரியும். ஒரு கண்ணாடி அரை அலைநீளம் நகர்ந்தால் போதும். ஒரு பட்டை நகர்ந்து அடுத்த பட்டையின் இடத்தில் போய் நிற்கும். அதுதான் ஒரு படி. இன்று சோதனைக்கூடங்களில் சர்வசாதாரணமான ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 632.8 நானோமீட்டர், ஆகவே ஒரு படியின் உயரம் சுமார் 316 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் இப்படிப்பட்ட படிகள் இருநூற்றுக்கு மேல் அடங்கும்.

மைக்கல்சன் அளக்க விரும்பியது அதிர்வை அல்ல. பிரபஞ்சம் முழுவதும் நிறைந்திருப்பதாக அன்று நம்பப்பட்ட ஈதர் என்ற ஊடகத்தினூடே பூமி எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்பதை அவர் காண நினைத்தார். காணவில்லை. 1887-இல் மோர்லியுடன் சேர்ந்து கிளீவ்லாந்தில் மீண்டும் தேடியும் காணவில்லை. அந்தத் தோல்வி எப்படி இயற்பியலையே புரட்டிப் போட்டது என்பது எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. எனக்கு அவரது 1881 கட்டுரையில் பிடித்தது வேறு. அது ஒரு புலம்பல். முதலில் பெர்லின் நகரத்தில் கருவியை நிறுவியிருக்கிறார். தெருவின் நடமாட்டத்தில் பட்டைகள் நடுங்கின. நள்ளிரவுக்குப் பின்னும் அதே கதை. அதனால்தான் ஊருக்கு வெளியே போட்ஸ்டாமுக்குப் போனார். அங்கேயும், நூறு மீட்டர் தள்ளி நடைபாதையில் ஒருவர் காலைத் தட்டினால் பட்டைகள் அறவே மறைந்துவிட்டன. கிளீவ்லாந்தில் ஒன்றரை மீட்டர் சதுரமான கல்பலகையைப் பாதரசத்தில் மிதக்கவிட்டு அதன் மேல் கருவியை வைத்ததும் ஓரளவு இந்தத் தொல்லைக்காகத்தான்.

நூறு மீட்டருக்கு அப்பால் விழும் காலடியை உணரும் கருவி ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. ஆனால் அது கிடைத்தவருக்கு அந்தக் காலடி இடைஞ்சல். இரைச்சல் எது, பொருள் எது என்பது கருவியில் எழுதியிருப்பதில்லை; பார்ப்பவரின் தேவையே அதைத் தீர்மானிக்கிறது. இந்த இரைச்சலைப் பொருளாக மாற்றிக்கொள்ள எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஏன் இத்தனை காலம்? சாதாரண விளக்கின் ஒளி சின்னச் சின்னத் துண்டுகளாக வருவது. இரண்டு பாதைகளும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தாலொழிய மேடும் பள்ளமும் சந்திக்காமலே போய்விடும். மேலும் அளக்கப்படும் பொருள் கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கவேண்டும். தோலோ மரமோ ஒளியைச் சிதறடித்துவிடும். ஆகவே அதிரும் தோலைப் பார்க்க விரும்பியவர்களுக்கு இருந்த வழி, 1787-இல் கிளாட்னி காட்டியதுதான். மணலைத் தூவுவது. அதிரும் இடத்திலிருந்து மணல் துள்ளி விலகும். அதிராத கோடுகளில் வந்து சேரும். அந்தக் கோடுகளுக்குக் கணுக்கோடுகள் என்று பெயர். மணல் எங்கே அசைவில்லை என்று மட்டுமே சொல்லும். எங்கே எவ்வளவு அசைவு என்று அதனால் சொல்ல முடியாது.

இந்த மணலை வைத்துக்கொண்டு நம்மவர் ஒருவர் செய்த வேலையைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

சி. வி. ராமனை ஒளிச்சிதறலுக்காகத்தான் உலகம் அறியும். ஆனால் 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனதிலிருந்து 1920-களின் தொடக்கம் வரை அவர் பெரும்பாலும் ஒலியோடும் அதிர்வோடும்தான் வாழ்ந்தார். அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். அங்கே வயலின் நரம்பின் மேல் வில் எப்படிப் பற்றி எப்படி வழுக்குகிறது என்பது பற்றி 1918-இல் ஒரு நூலளவுக்கு எழுதினார். வீணையின் குதிரையும் தம்பூராவின் குதிரையும் தட்டையாக வளைந்திருப்பதால் நாதத்தில் என்ன நேர்கிறது என்று எழுதினார். 1920-இல் சக ஆய்வாளர் ஒருவருடன் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பு, மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றியது.

அதன் முக்கியத்துவம் புரிய ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நரம்பை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் சேர்ந்து ஒலிக்கும். முழு எண் உறவு என்பதால்தான் காதுக்கு அது இனிமை. தோலுக்கு இந்த ஒழுங்கு இல்லை. சீராக இழுத்துக் கட்டிய வட்டத்தோலின் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். ஆகவே முரசு தாளத்துக்கு உதவும், சுருதிக்கு உதவாது என்பது ஐரோப்பிய ஒலியியலின் முடிவு. மிருதங்கத்தின் வலந்தலை இந்த முடிவுக்கு அடங்கவில்லை. அது 1, 2, 3, 4, 5 என்றே ஒலித்தது. காரணம், நடுவே உள்ள கறுப்புக் கரணை. அது தோலின் நடுப்பகுதிக்கு எடையைக் கூட்டி, ஒட்டாத அதிர்வெண்களை ஒவ்வொன்றாக முழு எண்ணுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

1934-இல் எழுதிய விரிவான கட்டுரையில் ராமன் மணல் கோலங்களின் படங்களைத் தந்தார். தோல் ஒன்பது வடிவங்களில் அதிர்கிறது. ஆனால் கேட்கும் சுரங்கள் ஐந்துதான். முதல் சுரத்துக்கு ஒரு வடிவம், இரண்டாவதற்கு ஒன்று, மூன்றாவதற்கு இரண்டு, நான்காவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று. ‘நம்’ என்ற சொல்லை வாசிக்கும்போது வித்வானின் மோதிரவிரல் கரணையின் ஓரத்தில் மெல்லத் தொட்டுக்கொண்டிருக்க, ஆள்காட்டிவிரல் மீட்டில் விழுகிறது. அந்த மோதிரவிரல் தோலின் மேல் ஒரு கணுக்கோட்டை வரைந்துவிடுகிறது. அடிப்படைச் சுரம் அடங்கி இரண்டாவது சுரம் எழுகிறது. மணல் தூவிக் கண்டது விரலுக்கு முன்பே தெரிந்திருந்தது.

விரலுக்கு மட்டுமா? 1922-இல் அசுதோஷ் முகர்ஜியின் வெள்ளிவிழா மலருக்காக எழுதிய கட்டுரையில் ராமன் இதைப் பண்டை இந்துக்களின் ஒலியியல் ஞானத்துக்குச் சான்றாகக் காட்டினார். எனக்கு இந்த இடத்தில் ஒரு மனத்தாங்கல் உண்டு. கரணை பண்டைக் காலத்தில் ஒருமுறை செய்து வைத்துவிட்டுப் போன பொருள் அல்ல. அது தேயும், உதிரும். சுரண்டியெடுத்து மறுபடி இடவேண்டும். கரிய கல்லின் பொடியையும் வடித்த சோற்றையும் பிசைந்து, கடுகளவு எடுத்துத் தோலில் அப்பி, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, அதன்மேல் அடுத்த அடுக்கு. இதைச் செய்கிறவர் காதால் கேட்டுக்கொண்டே செய்கிறார். எத்தனை அடுக்கு, எவ்வளவு அகலம் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காதுதான். அந்த மனிதர்கள் ராமனின் காலத்திலும் உயிரோடு இருந்தார்கள். தோலைத் தொடுவதால் தொடத்தகாதவர்களாக வைக்கப்பட்டுமிருந்தார்கள். பெருமை முன்னோர்களுக்குப் போயிற்று. டி. எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ எழுதியபோதுதான், பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பின்னால் பர்லாந்து என்ற தஞ்சாவூர்க் கைவினைஞர் இருந்தார் என்பது சபாக்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கும் தெரியவந்தது.

கரணையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அது ஒரே வில்லையாக இருப்பதில்லை. தேய்க்கும்போது நுண்ணிய வெடிப்புகள் ஓடிக் குட்டிக் குட்டித் துண்டுகளாகப் பிரிந்திருக்கும். சித்திரை மாதத்தில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியில் இருபுறமும் கரிசல் நிலம் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவருக்கு உவமை தேடவேண்டியதில்லை. வெடிப்பு குறையல்ல, அதுவே சூட்சுமம். துண்டு துண்டாக இருப்பதால்தான் கரணை தோலுக்கு எடையைத் தருகிறது, விறைப்பைத் தருவதில்லை. வெடிக்காத வில்லை தோலை வளையவிடாது, சுருதி போய்விடும்.

ராமனின் கட்டுரைகள் மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றியவை. கரிசல்காட்டின் தோல்கள் வேறு. தேவராட்டத்துக்கு முழங்கும் தேவதுந்துபியும் கொடைகளில் ஒலிக்கும் உறுமியும் சுருதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல. உறுமியின் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து இழுக்கும்போது எழும் அந்த அடிவயிற்று முனகல், குச்சி தோலைப் பற்றுவதும் வழுக்குவதுமாக மாறி மாறிப் பிறப்பது. வயலின் வில்லுக்கும் அதே இயல்புதான். 1918-இல் ராமன் எழுதிய கணக்கின் தமக்கை மகள் என்று உறுமியைச் சொல்லலாம். இசை அரங்குக்குள் அழைக்கப்படாத உறவு.

1960 மே மாதம் கலிபோர்னியாவில் தியடோர் மெய்மன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். துண்டு துண்டாக வராமல் நீண்ட, ஒழுங்கான அலைத்தொடராக வரும் ஒளி அது. மைக்கல்சனின் பாதைகள் சமமாக இருக்கவேண்டிய கட்டாயம் தளர்ந்தது. ஹோலோகிராம் எனப்படும் ஒளிப்பதிவு முறையும் கைக்கு வந்தபோது, பொருள் கண்ணாடியாக இருக்கவேண்டிய தேவையும் போயிற்று. 1965-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பவல், கார்ல் ஸ்டெட்சன் இருவரும், பொருள் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே ஹோலோகிராம் எடுத்தால் என்ன ஆகும் என்பதை வெளியிட்டார்கள். படம் கலங்கிப் போகவில்லை. பொருளின் உருவத்தின் மேலேயே கருங்கோடுகள் வளைந்து வளைந்து படிந்திருந்தன. அசையாத இடம் மிகப் பளிச்சென்றிருக்கும். அதிலிருந்து விலக விலக ஒவ்வொரு கருங்கோடும் அதிர்வின் வீச்சு ஒரு படி கூடியதைக் காட்டும். ஹீலியம்–நியான் ஒளியில் முதல் கருங்கோடு விழும் இடத்தில் தோல் அசையும் வீச்சு சுமார் 120 நானோமீட்டர்.

இப்படிப் பதிவான ஒரு முரசுத்தோலின் படத்தைப் பார்த்தால் நீர் வற்றிய தெப்பக்குளத்தை மேலிருந்து பார்ப்பது போலவே இருக்கும். படி படியாக உள்ளிறங்கும் வளையங்கள். மணல் கணுக்கோட்டை மட்டும் காட்டியது. இது மேட்டையும் பள்ளத்தையும் எண்ணிக் காட்டுகிறது, அதுவும் தோலின் மேல் ஒரு மணலைக்கூட வைக்காமல். எடை வைத்தால் அதிர்வு மாறும் என்பதைக் கரணையே நமக்குச் சொல்லியிருக்கிறது அல்லவா? மணலும் ஒரு கரணைதான்.

முறை பிறந்த சில ஆண்டுகளில் அது நம் எல்லோரிடமும் உள்ள ஒரு தோலின் மேல் திருப்பப்பட்டது. செவிப்பறை. 1940-களில் பேக்கசி, இறந்தவர்களின் காதுகளில் அளந்து, செவிப்பறை மேல் ஓரத்தில் கீல் வைத்த கதவு போல விறைப்பாக அசைகிறது என்றார். பின்னாளில் காதின் இயக்கம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர். அவர் சொன்னதை எளிதில் மறுக்க மாட்டார்கள். 1972-இல் ஷ்யாம் கன்னாவும் யூர்கன் டோன்டார்பும் ஹோலோகிராம் மூலம் பூனையின் செவிப்பறையைப் படம்பிடித்தபோது கதவு மறைந்தது. தோல் வளைந்து, இரண்டு தனி மேடுகளாகப் புடைத்து அதிர்ந்தது. மனிதச் செவிப்பறையும் அப்படியே. எவ்வளவு நுட்பமான நடுக்கத்துக்காக உண்டாக்கப்பட்ட உறுப்பு அது என்று அந்தக் கோடுகளைப் பார்த்தால் விளங்கும்.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். கைத்தறி இருந்த இடங்களில் விசைத்தறி வந்து பல காலமாயிற்று. ஓடும் தறிக்கூடம் ஒன்றில் அரைமணி நேரம் நின்றால், பேசுகிறவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளவேண்டியிருக்கும். நாடா ஒவ்வொரு முறை அறைபடும்போதும் அந்த அறை தரைவழியே உள்ளங்காலிலும் ஏறும். எட்டு மணிநேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்த வரம்பு. விசைத்தறிக் கூடங்கள் அதைத் தாண்டுவது உலகெங்கும் அறிந்த விஷயம். லங்காஷயர் நெசவாலைப் பெண்கள் உதட்டசைவால் பேசும் ஒரு தனி மொழியையே வளர்த்துக்கொண்டார்கள். 120 நானோமீட்டர் அசைவைப் படமெடுக்கக் கற்றுக்கொண்ட நூற்றாண்டிலேயே, அந்தத் தோலுக்குப் பின்னால் உள்ள நரம்புச் செல்கள் தறியருகே நாளும் மடிந்துகொண்டிருந்தன. தறிக்காரருக்கு அந்த ஓசை இரைச்சல்கூட அல்ல. அது நின்றால்தான் கவலை.

ஹோலோகிராமுக்கு ஒரு குறை உண்டு. அது வீச்சைக் காட்டும். ஒரு கணத்தில் தோல் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று சொல்லாது. பட்டைகளை எண்ணும் மைக்கல்சன் முறைக்கும் இதே சங்கடம். ஒரு பட்டை கடந்தது தெரியும். முன்னோக்கியா பின்னோக்கியா என்று தெரியாது. திருச்சுழிப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. நேற்றுக் கண்ட கோடு இன்று முழுகியிருந்தால் நீர் ஏறியிருக்கிறது. ஒளிக்கு நேற்று இல்லை.

இதற்குக் கிடைத்த விடையில் ராமன் மறுபடி வருகிறார்; இம்முறை எதிர்பாராத வாசல் வழியாக. 1932-இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் தனித்தனியே ஒரு விந்தை கண்டறியப்பட்டது. ஒரு திரவத்தினூடே காதுக்குக் கேட்காத மிகை அதிர்வெண் ஒலியைச் செலுத்தி, குறுக்கே ஒளியை விட்டால் ஒளி பல கிளைகளாகப் பிரிகிறது. ஒலி அலை ஒளிக்கு ஒரு சீப்பு போல ஆகிவிடுகிறது. இதற்கான கணிதத்தை 1935–36-இல் பெங்களூரிலிருந்து ராமனும் நாகேந்திர நாத் என்ற இளைஞரும் ஐந்து கட்டுரைகளில் முடித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது கட்டுரை டாப்ளர் விளைவைப் பற்றியது. கிளைத்துச் செல்லும் ஒவ்வொரு கற்றையின் அதிர்வெண்ணும் ஒலியின் அதிர்வெண் அளவுக்குக் கூடியோ குறைந்தோ இருக்கும் என்பது அதன் சாரம். அன்று அதற்கு எந்தப் பயனும் இல்லை. லேசர் பிறக்க இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

லேசர் அதிர்வுமானிக்குள் இன்று அந்தச் சீப்பின் உறவான ஒரு சிறு படிகத்துண்டு இருக்கிறது. பிராக் கலம் என்பார்கள். அது வேலை செய்யும் விதத்தைத் தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கிறவர் எளிதில் புரிந்துகொள்வார். இரண்டு தந்திகள் கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் இருக்கும்போது நாதம் விம்மி விம்மித் தணியும். விம்மலின் எண்ணிக்கையே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஒளியிலும் அப்படித்தான். தோல் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் அசைந்தால், அதில் பட்டுத் திரும்பும் சிவப்பு லேசரின் அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 3,160 அளவு மாறும். ஒளியின் அதிர்வெண்ணோ கோடி கோடிக் கணக்கானது. தனியே பார்த்தால் அந்த மாற்றம் தெரியவே தெரியாது. தொடாத ஒளியோடு சேர்த்துவிட்டால் விம்மலாகத் தெரியும். ஆனால் நெருங்கினாலும் விலகினாலும் விம்மல் ஒன்றேதான். ஆகவே ஒரு கற்றையின் அதிர்வெண்ணைப் படிகத்தின் மூலம் முன்கூட்டியே, பொதுவாக 40 மெகாஹெர்ட்ஸ் அளவு, தள்ளி வைத்துவிடுகிறார்கள். பொருள் அசையாதிருந்தால் விம்மல் 40. நெருங்கினால் 40-க்கு மேல், விலகினால் கீழ். குளத்தின் அடித்தரையில் நின்று பார்ப்பதற்குப் பதில் நடுப்படியில் நின்று பார்ப்பது போல. ராமன் 1970-இல் காலமானார். மணல் தூவிய தோலும் பெங்களூர்க் கட்டுரைகளும் ஒரே கருவியில் சந்தித்துக்கொள்வதைப் பற்றி அவர் எங்காவது யோசித்திருப்பாரா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்த அதிர்வுமானி விசையாழித் தகடுகளிலும் பாலங்களிலும் பாய்ச்சப்படுகிறது. அவற்றைவிட எனக்கு வியப்பானது பூச்சியியலில் அதன் பயன். தத்துப்பூச்சி என்று நம் பருத்திச் சம்சாரிகள் அறிந்த இனம், செடியின் தண்டையும் இலையையும் அதிரவைத்தே தன் இணையைக் கூப்பிடுகிறது. காற்றில் அந்த ஓசை நமக்கு எட்டாது. இலையில் ஒரு உணர்கருவியை ஒட்டினால் அதன் எடைக்கே இலை மாறிவிடும். ஒளிப்புள்ளிக்கு எடை இல்லை. இலையில் லேசரை நிறுத்தி அந்த அழைப்புகளைப் பதிவு செய்தார்கள். வட இத்தாலியின் திராட்சைத் தோட்டங்களில், கொடி படரும் கம்பிகளின் வழியே எதிர் அதிர்வைச் செலுத்தி ஆணும் பெண்ணும் சேராமல் குழப்பும் சோதனைகள் நடந்திருக்கின்றன. மருந்து தெளிக்காமல் பூச்சியின் பேச்சுக்குள் இரைச்சலைப் புகுத்துவது. மருந்துக் கடன் என்றால் என்ன என்று அறிந்த கரிசல் விவசாயிக்கு இது வேடிக்கைச் செய்தியாக இருக்காது.

மைக்கல்சன் கருவியின் மிகப் பெரிய வாரிசைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகக் கடக்கிறேன். அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்களில் ஒவ்வொரு கரமும் 4 கிலோமீட்டர். 2015 செப்டம்பர் 14 அன்று, நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் இரண்டு கருந்துளைகள் மோதிக் கலந்ததால் எழுந்த ஈர்ப்பலை அந்தக் கரங்களின் நீளத்தை, ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு அளவு மாற்றியது. கருந்துளையை எதைக் கொண்டு அடித்தாலும் அது தன் நிறைக்கும் சுழற்சிக்கும் உரிய சுரத்திலேயே ஒலித்துத் தேய்ந்து அடங்கும். அந்த ஒலித்தேய்வை 1970-இல் கணக்கிட்டுக் காட்டியவர் பெங்களூர்க்காரரான சி. வி. விஸ்வேஸ்வரா. 2016 பிப்ரவரியில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதைப் பார்த்துவிட்டு அடுத்த ஆண்டு ஜனவரியில் மறைந்தார்.

லைகோவில் மைக்கல்சனின் பழைய எதிரி திரும்பி வந்துவிட்டான். 40 கிலோ எடையுள்ள கண்ணாடிகள் நான்கு அடுக்கு ஊசல்களில் தொங்குகின்றன. கடல் அலை கரையில் மோதுவதும் ரயில் போவதும் உள்ளே வந்துவிடக் கூடாது. ஹான்ஃபோர்டு ஆய்வகத்தில் ஒருமுறை விளங்காத தட்டல் ஒன்று பதிவாகிக்கொண்டே இருந்தது. போய்ப் பார்த்தால் வெளியே குளிர்ந்த குழாயில் படிந்த உறைபனியை அண்டங்காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன.

இந்தியாவுக்கான லைகோ மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையவிருக்கிறது. கொள்கை அளவில் 2016 பிப்ரவரி 17-இலும், சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு 2023 ஏப்ரலிலும் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நகரங்களிலிருந்து விலகிய, நடுக்கம் குறைந்த இடம் என்று தேடிக் கண்டது. அதுவும் பருத்தி விளையும் கறுப்பு மண்தான். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அந்த மண்ணைத் தோண்டி விலக்கி, அடியிலுள்ள பாறையில் காலூன்றித்தான் எதையும் கட்டவேண்டும் என்பது, திருச்சுழிப் பக்கம் வீடு கட்டும் எந்தக் கொத்தனாரும் சொல்லக்கூடியது.